எம்.எஸ்சி. நர்சிங் சேர்வதற்கு முன்: வேலையில் இருக்கும் நர்சுகளுக்கு

நைட் டியூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுத்துவிட்டு யூனிஃபார்ம் மாற்றும் நேரத்தில்தான் ஜூனியர் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். "அக்கா, எம்.எஸ்சி. போட்டுடலாமா? எந்த பிராஞ்ச் எடுத்தா நல்லது?" எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ் என்பதெல்லாம் அதற்கு அடுத்து வரும். நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். பத்து வருஷம் கழித்து நீ பெட் பக்கத்தில் நிற்கணுமா, போர்டு பக்கத்தில் நிற்கணுமா?

எதற்காக இப்படிக் கேட்கிறேன் என்றால், நம் ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் என்பது பெரும்பாலும் ஆசிரியர் ஆவதற்கான படிப்பு. பாடத்திட்டத்தைப் பார்த்தாலே தெரியும். முதல் வருஷத்தில் நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், ரிசர்ச்சும் புள்ளியியலும், அதோடு உங்கள் ஸ்பெஷாலிட்டியின் முதல் பாகம். இரண்டாம் வருஷத்தில் நர்சிங் மேனேஜ்மென்ட், ஸ்பெஷாலிட்டியின் இரண்டாம் பாகம், டிசர்டேஷன் என்ற ஆய்வேடு. கிளினிக்கல் போஸ்டிங் உண்டு, ஆனால் லெசன் பிளான் போட்டு மாணவிகளுக்கு வகுப்பு எடுப்பதும் அதே அளவுக்கு உண்டு. ஐ.சி.யூ.வில் கை இன்னும் தேற வேண்டும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள், ஆறாவது மாதம் ஃபிளாஷ் கார்டு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் யோசிக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, அந்தக் கேள்விக்கு உங்களுக்கே ஒரு பதில் சொல்லிக்கொள்வது. இரண்டு பக்கத்துக்கும் வழி இருக்கிறது. வழிகள்தான் வேறு வேறு.

இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்

ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள் நேராக எம்.எஸ்சி. போக முடியாது. நடுவில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஒன்று இருக்கிறது. காலேஜில் முழுநேரமாகப் படித்தால் 2 வருஷம். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது, குறைந்தது 3 வருஷம். பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். படித்தவர்களுக்கு அதில் சேர 2 வருஷ அனுபவம் கேட்பார்கள். பாடம் வீட்டில் படிக்கலாமே தவிர, பிராக்டிகலுக்கு ஸ்டடி சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். டியூட்டி மாற்றித் தர உங்கள் இன்சார்ஜ் சம்மதிப்பாரா என்று முதலிலேயே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒரு சண்டை நடக்கும்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு நேர்வழி. மாநில நர்சிங் கவுன்சிலில் ஆர்.என்., ஆர்.எம். பதிவு, அதாவது நர்சாகவும் மிட்வைஃபாகவும் பதிவு இருக்க வேண்டும். பி.எஸ்சி.யில் மொத்தம் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அதோடு ஒரு வருஷ வேலை அனுபவம். பேசிக் பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அது படிப்பு முடிந்த பிறகான அனுபவமாக இருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் காரர்களுக்கு முன்னால் செய்ததும் சரி, பின்னால் செய்ததும் சரி.

எம்.எஸ்சி.யைத் தபால் வழியில் படிக்க முடியுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. அப்படி ஒருவர் தருவதாகச் சொன்னால் அந்தப் பட்டத்தைக் கவுன்சிலில் பதிய முடியாது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய அளவில் ஆணையம் அமைக்கப் புதிய சட்டம் வந்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. சீனியர் அக்கா சேர்ந்த வருஷத்து விதியை நம்பாமல், நீங்கள் சேரும் வருஷத்துப் பிராஸ்பெக்டஸை வரிவரியாகப் படியுங்கள்.

போர்டு பக்கம்: ஐந்து பிராஞ்ச்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நர்சிங்கை பிராஞ்ச் எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். ஒன்று மெடிக்கல் சர்ஜிக்கல், இரண்டு குழந்தைகள் நலம், மூன்று மகப்பேறும் மகளிர் நலமும், நான்கு கம்யூனிட்டி ஹெல்த், ஐந்து மனநலம்.

மெடிக்கல் சர்ஜிக்கலுக்குத்தான் கூட்டம். அதற்குள்ளேயே இதயம், நரம்பு, புற்றுநோய், சிறுநீரகம், எலும்பு, கிரிட்டிக்கல் கேர் என்று உட்பிரிவுகள் இருக்கின்றன. எந்தக் காலேஜில் எந்த உட்பிரிவு என்பது அந்தக் காலேஜோடு இணைந்த மருத்துவமனையைப் பொறுத்தது. இதய அறுவை சிகிச்சையே நடக்காத இடத்தில் இதய நர்சிங் உட்பிரிவு எடுத்து என்ன பயன்? சேரும் முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்த மருத்துவமனைக்குப் போய் வெளியில் உட்காருங்கள். ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம், ஆம்புலன்ஸ் எத்தனை வருகிறது என்று பாருங்கள். கேன்டீனில் ஒரு டீ குடித்துக்கொண்டு அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். வெப்சைட் சொல்லாததெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

குழந்தைகள் நலம், மகப்பேறு இரண்டும் ஏற்கெனவே அந்த வார்டில் வேலை பார்த்து அந்த வேலை பிடித்தவர்களுக்கு. குழந்தை என்றால் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. 900 கிராம் குழந்தைக்கு ஐ.வி. லைன் போடும்போது பதற்றம் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்யூனிட்டி ஹெல்த்தைப் பலரும் "கிடைக்காதவங்க எடுக்கிறது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொது சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சித் திட்டங்கள் என்று காலேஜுக்கு வெளியிலும் வேலை இருக்கும் பிராஞ்ச் அது. கிராமத்துக்குப் போகத் தயங்காதவர்கள், கணக்கும் புள்ளிவிவரமும் பிடித்தவர்கள் எடுக்கலாம்.

மனநலம் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். என்னோடு படித்த பேட்ச்சில் அதை விரும்பி எடுத்தவள் ஒருத்திதான். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா வேலை பார்க்கப் போற?" என்று அவள் வீட்டிலேயே கேட்டார்கள். பி.எஸ்சி. நடத்தும் எந்தக் காலேஜுக்கும் இந்த ஐந்து பிரிவிலும் ஆசிரியர் வேண்டும். எடுப்பவர்கள் குறைவாக இருக்கும் பிரிவில் காலியிடம் காத்திருக்கும். நாங்கள் நேர்காணலுக்கு வரிசையில் நின்றபோது அவளைக் காலேஜ்காரர்கள் போன் செய்து கூப்பிட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல நர்ஸ் என்றால் யார் என்றே தனியாக வரையறை கொடுத்திருக்கிறார்கள். கூச்சலுக்கும் மௌனத்துக்கும் ஒரே மாதிரி பொறுமையாக இருக்க முடியும் என்றால் இந்தப் பிராஞ்சைத் தள்ளிவிடாதீர்கள்.

பெட் பக்கம்: டிப்ளமோவும் என்.பி.சி.சி.யும்

வார்டை விட்டு வர மனமில்லாதவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிக்கல் கேர், எமர்ஜென்சி, பச்சிளங்குழந்தை, ஆன்காலஜி, இதயம், நரம்பு, ஆபரேஷன் தியேட்டர், மனநலம் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. ஜி.என்.எம். முடித்தவர்களும் சேரலாம், அதற்காகப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்கக் காத்திருக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் இப்படிப் பல டிப்ளமோக்கள் உண்டு. மனநலத்துக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், இதயத்துக்கும் நரம்புக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், புற்றுநோய்க்கு மும்பை டாடா மெமோரியல் என்று அந்தந்தத் துறையில் பெயர் பெற்ற இடங்களும் இருக்கின்றன.

அடுத்தது என்.பி.சி.சி., அதாவது நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர். இது 2 வருஷ முதுநிலைப் படிப்பு, மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ரெசிடென்சி முறையில் நடக்கும். பி.எஸ்சி.யும் குறைந்தது ஒரு வருஷ அனுபவமும் வேண்டும், அந்த அனுபவம் ஐ.சி.யூ.வில் இருந்தால் நல்லது. எம்.எஸ்சி.க்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் பாடங்களின் பெயரிலேயே தெரிகிறது: அட்வான்ஸ்டு பேத்தோபிசியாலஜி (நோய் உடலில் செய்யும் மாற்றங்கள்), அட்வான்ஸ்டு ஃபார்மகாலஜி (மருந்தியல்), அட்வான்ஸ்டு ஹெல்த் அசெஸ்மென்ட் (நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவது). நேரத்தில் பெரும்பகுதி நோயாளி பக்கத்தில்தான் போகும்.

ராத்திரி 3 மணிக்கு வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது என்று வையுங்கள். மெஷினில் காற்றின் பிரஷர் ஏறுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்குகிறது. சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், சக்ஷன் வைத்துச் சளியை எடுப்போம், டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவோம். நர்ஸ் பிராக்டிஷனராகப் படித்தவர் அதோடு நிற்காமல் இரண்டு பக்கமும் மூச்சு ஒரே மாதிரி கேட்கிறதா என்று ஸ்டெத் வைத்துப் பார்ப்பார், ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை எடுத்துப் படிப்பார், காரணம் சளியா, டியூப் உள்ளே இறங்கியதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கிறதா என்று யோசித்து, டாக்டர் வந்து நிற்கும்போது கையில் ஒரு முடிவோடு இருப்பார். படிப்பின் நோக்கம் இதுதான்.

நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் தன்னிஷ்டத்துக்கு மருந்து எழுத முடியாது. அந்த மருத்துவமனை எழுத்தில் வைத்திருக்கும் நெறிமுறைக்கு உட்பட்டுத்தான் செயல்பட முடியும். அந்தப் பதவியையே உருவாக்காத மருத்துவமனைகள் நிறைய இருக்கின்றன, அங்கே போனால் பழையபடி ஸ்டாஃப் நர்ஸ்தான். ஆகவே சேரும் இடத்தில் இதைக் கேளுங்கள்: முந்தைய பேட்ச் பிள்ளைகள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். இன்னொன்று, ரெசிடென்சி என்பதால் இந்தப் படிப்புக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதி. எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிரசவ வார்டில் இருப்பவர்களுக்குத் தனியாக நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப் பயிற்சி இருக்கிறது, 18 மாதம். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டு நெறிகளைத் தொடர்ந்து வந்தது. சாதாரணப் பிரசவத்தை நர்சே பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

ஆவணங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சீட்டு கைவிட்டுப் போவது பெரும்பாலும் மார்க்கால் அல்ல, பேப்பரால்.

நான் விண்ணப்பித்த வருஷம் சரிபார்ப்புக்குப் போனேன். எல்லாம் ஃபைலில் அடுக்கி வைத்திருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் அனுபவச் சான்றிதழை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "எப்போதிலிருந்து எப்போது வரைன்னு போடலையேம்மா." பார்த்தால், எங்கள் மருத்துவமனையில் "ஒரு வருடத்திற்கு மேலாகப் பணிபுரிந்து வருகிறார், நன்னடத்தை உடையவர்" என்று அழகாக எழுதி சீல் வைத்திருந்தார்கள். தேதி இல்லை. நன்னடத்தையை வைத்து என்ன செய்ய? பஸ் பிடித்து ஐந்து மணி நேரம் ஊருக்குத் திரும்பி, எச்.ஆர். அறை வாசலில் நின்று, மறுநாள் காலையில் திரும்ப வந்தேன். அதற்குள் நான் கேட்டிருந்த பிராஞ்ச் முடிந்துவிட்டது.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி (வேலையில் இருந்தால் "இன்று வரை"), பதவி, வார்டு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். கவுன்சில் பதிவு காலாவதி ஆகியிருந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே புதுப்பியுங்கள். வேறு மாநிலத்தில் பதிந்தவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் பிடிக்கலாம். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்கள் இதில் தவறாமல் மாட்டுகிறார்கள்.

சில தனியார் மருத்துவமனைகள் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாண்ட் என்று இழுத்தடிக்கும். வேலையில் சேரும்போதே ஒரிஜினலைக் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் கேட்டு எழுதும் கடிதத்தின் நகலில் சீல் வாங்கி வையுங்கள். பேச்சோடு விட்டால் பேச்சாகவே போய்விடும்.

காலேஜைச் சோதிப்பது

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக்குழு அறிவிப்பு வெளியிடும். ஜிப்மர், எய்ம்ஸ், நிம்ஹான்ஸ், சி.எம்.சி. போன்றவை தனித்தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன. தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டி வராது. ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சேமித்தால் நைட் டியூட்டித் தூக்கத்தில் அலாரத்தை அணைத்துவிடுவோம்.

தனியார் காலேஜ் என்றால் மூன்றைப் பாருங்கள்: பல்கலைக்கழக இணைப்பு, கவுன்சில் அங்கீகாரம், நீங்கள் கேட்கும் பிராஞ்சுக்கு அந்த வருஷத்துக்கான அனுமதி. மூன்றாவதைத்தான் பலரும் விடுகிறார்கள். காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கும், அந்த பிராஞ்சுக்கு இருக்காது.

அப்புறம் புரோக்கர்கள். "நீங்க வரவே வேண்டாம் சிஸ்டர், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், வேலையும் பார்க்கலாம்." பக்கத்து மாநிலத்துக் காலேஜ் பெயர் சொல்லி வரும் இந்தப் போன் உங்களுக்கும் வந்திருக்கும். விதிப்படி தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்கும் முன் பிராக்டிகல் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி இப்படித்தான் படித்தாள். பட்டமும் வந்தது. வளைகுடா வேலைக்காகச் சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தபோது, முழுநேரம் படித்ததாகச் சொன்ன அதே இரண்டு வருஷத்தில் முழுநேரம் வேலை பார்த்ததாகவும் அவள் அனுபவச் சான்றிதழ் சொன்னது. இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிட்டது. அனுபவத்தைக் கைவிட்டால் சம்பளம் குறையும், பட்டத்தைக் கைவிட்டால் கொடுத்த பணம் போகும். கடைசியில் அந்த வேலையே போனது.

பணம்

ஃபீஸை மட்டும் கணக்குப் போடாதீர்கள். கைக்கு வரும் சம்பளம் 22,000 ரூபாய் என்றால், 24 மாதத்தில் நீங்கள் இழப்பது 5,28,000. அதற்கு மேல்தான் ஃபீஸ், ஹாஸ்டல், டிசர்டேஷன் செலவு எல்லாம். அரசுப் பணியில் இருப்பவர்கள் சேவை ஒதுக்கீடும் படிப்பு விடுப்பும் தங்களுக்குப் பொருந்துமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு விண்ணப்பிக்கட்டும்.

தனியார் மருத்துவமனையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மறுபடி வார்டுக்கே திரும்பினால் சம்பள உயர்வு மிகச் சொற்பம். நர்சிங் எஜுகேட்டர், இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ், குவாலிட்டி பிரிவு போன்ற பதவிகளில்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. வெளிநாட்டுக்குப் போவதுதான் லட்சியம் என்றால் எம்.எஸ்சி. தேவையே இல்லை. அமெரிக்காவுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத ஆர்.என். தகுதி போதும், இங்கே படித்த எம்.எஸ்சி.யை வைத்து அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆகவும் முடியாது. அந்த இரண்டு வருஷத்தை ஆங்கிலத் தேர்வுக்கும் ஐ.சி.யூ. அனுபவத்துக்கும் செலவிடுங்கள்.

சேர்ந்த பிறகு: டிசர்டேஷன்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். தலைப்பை முதல் வருஷத்திலேயே யோசியுங்கள், நீங்கள் வேலை பார்த்த வார்டிலிருந்தே எடுங்கள். எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய டிசர்டேஷன்கள் நிறைய இருக்கின்றன. காப்பி அடிக்க அல்ல, எந்தத் தலைப்பு நைந்துபோயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வருவதற்கு முன்னால் ஒரு நோயாளியிடம்கூடத் தரவு எடுக்கக் கூடாது.

என் தலைப்பு, எடை குறைந்த குழந்தைகளுக்கான கங்காரு பராமரிப்பில் (குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பது) தாய்மார்களின் திருப்தி. ஐந்து பதில் கொண்ட கேள்வித்தாளை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து எடுத்துப் போனேன். "முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், நடுநிலை..." பைலட் ஸ்டடியில், அதாவது முதலில் சிறிதாக நடத்தும் சோதனை ஆய்வில் ஆறு பேர். இரண்டாவது அம்மா குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கத் தலையாட்டினார். நாலாவது கேள்வியில் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் பாத்துக்கிறீங்க சிஸ்டர், எதைப் போடணுமோ நீங்களே போட்டுக்கோங்க" என்றார். கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்குத்தாம்மா பைலட் ஸ்டடி" என்றார். ஐந்து பதிலை மூன்றாக்கி, வார்டில் பேசும் தமிழில் கேள்விகளைத் திருப்பி எழுதினோம். கேள்வி கேட்கும் ஆளையும் மாற்றினோம். பராமரிக்கும் சிஸ்டரிடமே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

புள்ளியியல் நிபுணரைத் தரவு எடுத்து முடித்த பிறகு தேடாதீர்கள். சாம்பிள் அளவு முடிவு செய்யும்போதே அவரிடம் போங்கள்.

முடித்த பிறகு

பட்டம் வாங்கியதும் தமிழ்நாடு கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு ஓடுகிறார்கள். தேசிய நர்ஸ் பதிவு எண்ணான என்.யு.ஐ.டி. இன்னும் எடுக்காதவர்கள் அதையும் அப்போதே முடித்துவிடலாம். பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் நிறுத்திவிட்டது, எம்.எஸ்சி.யிலிருந்து நேராகப் பிஎச்.டி.தான்.

கவுன்சிலுக்குப் போகும்போது ஒரிஜினலோடு இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள். நகலில் கையெழுத்துப் போட நீல மை பேனாவும் வேண்டும். அங்கே கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.